இருவகைப் பாதைக்கு ஒரு வாகனம்

வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலே குடியிருப்போருக்குக் கடல் அளிக்கும் சௌகரியங்கள் பலவாயினும், இரும்பினால் ஆன எந்தப் பொருளையும் அக்கடல் நெடுநாள் நிம்மதியாக இருக்க விடுவதில்லை. புகையிரதப் பாதையைக் கடந்து வீசும் உப்புக்காற்று யன்னற் கம்பியையும் கதவுப் பிணைச்சலையும் தின்பதுபோலவே, வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் சில்லுக் கம்பிகளையும் செயினையும் மெல்ல மெல்லத் தின்றுவிடும். ஆதலினால், எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சனிக்கிழமை மாலைதோறும் எண்ணெய் தோய்ந்த பழந்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு நிலத்திலே குந்தியிருந்து, ஒரு கம்பியைத் துடைத்து முடித்த பின்னரே மறு கம்பியைத் தொடுவதென்ற நியமத்துடன் இரண்டு சில்லுகளையும் துடைப்பதை நான் பல வருஷங்களாகப் பார்த்து வருகிறேன்.

அவர் புதிய வண்டி ஒன்று வாங்கும் யோசனையில் இருப்பதாக அண்மையில் ஒருநாள் சொன்னபோது, எத்தகைய வண்டி வேண்டும் என்று விசாரித்தேன். கைத்துணியைக் கீழே வைக்காமலே அவர் மறுமொழி சொன்னார்: "அங்கிள், காலி றோட்டிலயும் ஓட வேணும், தேயிலைத் தோட்டத்துக்குள்ளயும் ஏற வேணும். வழியில நிண்டால் சின்னக் கடையில திருத்தக் கூடியதா இருக்க வேணும். விழுந்தால் நான் தனியத் தூக்கி நிமித்த வேணும்."

தாரிட்ட பெருவீதியிலும் மண்பாதையிலும் ஒருங்கே செல்லத்தக்க இத்தகைய வண்டியைக் கொழும்பிலே 'ட்ரெயில் பைக்' என்பது நெடுநாள் வழக்கு. பெரிய எஞ்சினும் நீண்ட பிரயாணத்துக்கான பொதி தாங்கிகளும் உடையதை இப்பொழுது 'அட்வென்ச்சர் பைக்' என்கிறார்கள். பெயர் புதிது. ஆனால் அவ்விளைஞர் சொன்ன நான்கு வேண்டுகோள்களும் அவர் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்னரே இத்தீவின் பாதைகள் தம்மீது ஊர்ந்தவர்களின் வாயிலே வைத்த வேண்டுகோள்கள் என்பதும், அவை இப்பொழுதிருக்கும் வடிவத்தைப் பெறுவதற்கு மலைநாட்டுத் தோட்டமும், இறக்குமதித் தடையும், முப்பது வருஷ யுத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்திருக்கின்றன என்பதும் எனது துணிபு. அதனையே இங்கே சிறிது விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

கொழும்புத் தமிழர் செறிந்து வாழும் இடங்களுள் முதன்மையான இரண்டு, நகரத்தின் இரண்டு வாயில்களிலே அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. தெற்கே காலி வீதியின்மீது வெள்ளவத்தை. வடக்கே, களனி கங்கையைக் கடந்து கண்டிக்கும் நீர்கொழும்புக்கும் செல்லும் வழியை அடுத்துக் கொட்டாஞ்சேனை. வெள்ளவத்தை, யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்த எழுதுவினைஞரும் ஆசிரியரும் வைத்தியரும் நிலைகொண்ட இடம்; 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இராமகிருஷ்ண மிஷனும் அதன் அடையாளங்கள். கொட்டாஞ்சேனையோ துறைமுகத்தின் நிழலில் வளர்ந்த ஊர்: சாந்த லூசியா பேராலயத்தின் குவிமாடமும், பொன்னம்பலம் இராமநாதனால் கருங்கல்லிலே மீளக் கட்டப்பெற்ற பொன்னம்பலவாணேசர் கோயிலும் ஒரே நடைதூரத்தில் நிற்க, அவற்றின் இடைப்பட்ட வீதிகளிலே வியாபாரிகளும் கப்பற்றுறைத் தொழிலாளரும் கைவினைஞரும் கலந்து வாழ்ந்தனர். வண்டி வாங்குகிறவன் வெள்ளவத்தையில் இருந்தான், வண்டி திருத்துகிறவன் கொட்டாஞ்சேனையில் இருந்தான் என்று சொல்வது முழு உண்மையாகாது. ஆயினும் நான் அறிந்த மட்டில் அது பெரும்பான்மை உண்மை.

மலைநாட்டுக்குச் செல்லும் பாதையின் கதையே இவ்வரலாற்றின் தொடக்கம். 1815இல் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அதனைக் கையிலே வைத்திருப்பதற்குப் பாதை ஒன்றே உபாயமென்று கண்டு, 1820களில் கப்டன் டோசன் என்னும் படைப் பொறியியலாளரின் கீழ்க் கடுகண்ணாவைக் கணவாயைக் குடைந்து கண்டி வீதியை அமைத்தனர். அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் இன்றும் அக்கணவாயிலே நிற்கின்றது. களனி கங்கையின்மீது வள்ளங்களை வரிசையாகப் பிணைத்து அமைத்த மிதவைப் பாலமே நெடுங்காலம் வழியாயிருந்தது. 1895இலேதான் விக்டோரியா பாலம் என்னும் இரும்புப் பாலம் வந்தது. படைக்கென அமைத்த பாதை வெகு விரைவிலே கோப்பியின் பாதையாயிற்று; 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்தபின், ஜேம்ஸ் டெயிலர் 1867இலேயே லூல்கந்துரைத் தோட்டத்தில் நட்டுத் தொடங்கிவைத்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

தேயிலைத் தோட்டம் என்பது தனிப்பட்ட ஒரு பூகோளம். பெருவீதி தோட்டத்தின் எல்லைவரை மாத்திரமே வரும். அங்கிருந்து ஸ்டோர் என்னும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் மலை உச்சியிலுள்ள கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் செல்வது, கல் பதித்தும் பதியாமலும், மழைநீர் குறுக்கே பாய்ந்து வாய்க்கால் வெட்டிய, மாட்டுவண்டியின் அகலமே உடைய தோட்டத்து ரோட்டு. தோட்ட நிர்வாகியான பெரியதுரைக்குக் கார் உண்டு. அவர் அதிலே ஸ்டோர்வரை போய்த் திரும்பினாற் போதும். அவருடைய உதவியாளரான சின்னத்துரைக்கு அப்படியன்று. விடியற்காலையில் தப்பு ஒலித்துப் பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடும்போது அவர் அங்கே நிற்க வேண்டும். வெயிலேறும் முன்னர் இரண்டு மூன்று மலைகளைச் சுற்றி வரவேண்டும். மாலையிலே நகரத்துக் கிளப்புக்கும் போகவேண்டும். குதிரை செய்துவந்த இவ்வேலையை இருபதாம் நூற்றாண்டிலே மோட்டார் சைக்கிள் ஏற்றுக்கொண்டது. தோட்டத் தொழில் பழக வந்த வாலிபரின் முதற் செலவுகளுள் மோட்டார் சைக்கிள் ஒன்றாகவும், அந்த எஞ்சினின் ஓசை பிரட்டுக்களத்துக்கு வரும் முன்னறிவிப்பாகவும் ஆகிவிட்டமை மலைநாட்டு வாழ்வை அறிந்தவர்க்குத் தெரியும். தூரத்து வளைவிலே அந்த ஓசை கேட்டவுடன் கங்காணிமார் குரலை உயர்த்துவர். லயத்து வாசலில் நிற்கும் குழந்தைகள் உள்ளே ஓடுவர். அந்த வாகனத்தின்மீது வந்தவர் யார், அதனைக் கண்டு ஒதுங்கி நின்றவர் யார் என்பதை மறந்துவிட்டு அதன் சரித்திரத்தை எழுதுவது நேர்மையாகாது. இருவகைப் பாதைக்கும் ஏற்ற வண்டி இத்தீவிலே அதிகாரத்தின் வாகனமாகவே முதலிற் பழகியது.

அக்காலத்து வண்டிகள் இதற்கென்று செய்யப்பட்டவையல்ல. பி.எஸ்.ஏ., நோர்ட்டன், டிரயம்ஃப், மச்லெஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனிகளின் சாதாரண வீதி வண்டிகளே அவை. பின்சில்லுக்குச் சுருள்வில் தாங்கி இல்லாத அவற்றின்மீது தோட்டத்து ரோட்டில் ஏறுவதென்றால், ஆசனத்தின் அடியிலுள்ள இரண்டு சுருள்வில்களும் சவாரி செய்பவரின் முழங்கால்களும் சேர்ந்தே அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். எனினும் நீண்ட பிஸ்டன் ஓட்டமுடைய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், குறைந்த வேகத்திலே மெதுவாக அடித்து அடித்து ஏற்றத்தை விழுங்கும் இயல்புடையது. வேகம் அல்ல, அந்த நிதானமே மலைப்பாதைக்கு வேண்டிய குணம் என்பதை இங்குள்ளோர் கண்டுகொண்டது அப்பொழுதுதான். 1934இல் நுவரெலியாவின் மகாகஸ்தொட்டைத் தோட்டத்திலே மலையேற்றப் பந்தயம் தொடங்கியபோது, தோட்டப் பாதையின் பழக்கம் ஒரு விளையாட்டாகவும் உருக்கொண்டது. காரும் மோட்டார் சைக்கிளும் ஏறும் அப்பந்தயம் இன்றும் மோட்டார் விளையாட்டினரால் மதிப்புடன் பேசப்படுகிறது.

பின்னர் உலக யுத்தம் வந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 1944இல் தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் மவுண்ட்பேட்டனின் கீழ்ப் பேராதனைக்கு வந்து சேர்ந்தது. கொழும்புத் துறைமுகத்துக்கும் பேராதனைக்கும் இடைப்பட்ட மலைவீதி படைகளின் போக்குவரத்துக்கு உரிய பெரும்பாதையாயிற்று. பிரித்தானியப் படைகளின் தபால் வீரர்களுக்கென அந்த யுத்த காலத்திலே செய்யப்பெற்ற பி.எஸ்.ஏ. எம் 20 என்னும் 496 சி.சி. வண்டி மாத்திரமே ஏறத்தாழ 1,26,000 ஆகும். பாரமும் மந்தகதியும் உடையதாயினும், கையிலுள்ள சில சாவிகளைக் கொண்டே வழியோரத்தில் கழற்றிப் பூட்டக்கூடியது என்பதே அதன் பெருமை. 347 சி.சி.யுடைய மச்லெஸ் ஜி 3 எல் வண்டியோ முன்சில்லுக்கு எண்ணெய் அடைத்த குழாய்த் தாங்கியைப் பெற்று, குண்டுங்குழியுமான பாதையிலே சவாரிக்காரனின் மணிக்கட்டைக் காப்பாற்றியது. யுத்தம் முடிந்தபின் உலகமெங்கும் படைகளின் மிகுதி வண்டிகள் ஏலத்துக்கு வந்து, துரைமார்க்கு மாத்திரம் உரியதாயிருந்த சவாரி சாமானியர் கைக்கும் எட்டத் தொடங்கியது. வண்டியின் விலையிலே ஜனநாயகம் சிறிது புகுந்தது என்றே இதனைச் சொல்லலாம்.

இந்நிலையில் உலகின் பிற பாகங்களில் நிகழ்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேற்றிலும் மேட்டிலும் ஓடும் பந்தயத்துக்கு இங்கிலாந்திலே 1924 முதலே 'ஸ்கிராம்பிள்' என்று பெயர் வழங்கிற்று. வீதி வண்டியின் புகைக்குழாயை உயர்த்தி, தடித்த ரயரை மாட்டி அதற்குப் பயன்படுத்தினார்கள். 1968இல் யமஹாக் கம்பெனி டி.டி. 1 என்னும் 250 சி.சி. வண்டியை வெளியிட்டபோதுதான், மண்ணுக்கும் தாருக்கும் ஒருங்கே ஏற்றதாகத் தொடக்கத்திலிருந்தே வகுக்கப்பட்ட இலேசான வண்டி பெருந்தொகையாக ஜனங்களிடம் வந்தது. 1978ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி பாரிஸிலிருந்து டாக்கார் நோக்கிப் புறப்பட்ட முதற் பந்தயத்தில் யமஹா எக்ஸ்.டி. 500 வண்டியின்மீது சிரில் நெவே வென்றார். 1980இல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி ஆர் 80 ஜி/எஸ் என்ற வண்டியை வெளியிட்டது. அப்பெயரின் ஈற்றெழுத்துக்கள் இரண்டும் ஜெர்மன் மொழியிலே 'காட்டுநிலம்', 'வீதி' என்பவற்றின் முதலெழுத்துக்கள். பெரிய சாகச வண்டிகளின் வம்சம் அதிலிருந்தே கிளைத்தது. அவ்வம்சத்திலே பின்னர் வந்த ஆர் 1250 ஜி.எஸ். வண்டியின் எடை 249 கிலோ. சஹாராவிலே அது சிறக்கலாம். ரம்பொடைக்கு மேலே, மழையில் ஊறிய தோட்டத்துச் செம்மண்ணில் அது ஒருமுறை சாய்ந்தால், தூக்கி நிறுத்துவதற்கு ஒரு லயமே திரண்டு வரவேண்டும்.

இலங்கைக்குத் திரும்புவோம். டி.டி. 1 உலகத்தை வசீகரித்த அதே காலத்தில், இங்கே புதிய வண்டி என்பதே அரிய காட்சி. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியபோது அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிற்று. மோட்டார் வாகனம் அவ்விறுக்கத்தின் முதற் பலிகளுள் ஒன்று. ஏறக்குறைய பதினேழு வருஷம், இருப்பதைக் கொண்டு ஓட்டுவதே வழியாயிற்று. உதிரிப்பாகத்துக்குப் பஞ்சிகாவத்தை; அங்கே கிடைக்காவிட்டால் கடைசல் பட்டறை; பட்டறையிலும் முடியாவிட்டால் வேறொரு வண்டியின் உறுப்பை ராவி இதிலே பொருத்துவது. கொழும்பிலே மெக்கானிக்கைச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே 'பாஸ்' என்று அழைப்பது வழக்கம். அப்பட்டத்துக்கு உண்மையான மகிமை வந்தது அந்தப் பஞ்சகாலத்திலேதான். புத்தகம் படித்தறியாத கையினாலே, தேய்ந்த வால்வையும் அதன் இருக்கையையும் அரைபசை தடவி மணிக்கணக்காக உரைத்து உரைத்துப் பொருத்தி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்து, கசிந்தால் மீண்டும் உரைத்த அந்தப் பொறுமையை நான் எவ்வளவு போற்றினாலும் தகும். 'சின்னக் கடையில திருத்தக் கூடியதா இருக்க வேணும்' என்று எங்கள் ஒழுங்கை இளைஞர் சொன்ன வேண்டுகோள் அந்தப் பதினேழு வருஷத்தின் பிள்ளை.

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஜப்பானிய வண்டிகள் வெள்ளம்போல் வந்தன. ஹொண்டாவின் சி 50, சி 90 என்னும் சிறு வண்டிகளும், சி.டி. 90, சி.டி. 125, சி.டி. 200 என்பனவும் கொழும்பு வீதிகளை நிறைத்தன. எச்சரிக்கையான எழுதுவினைஞர் குடும்பங்கள்கூட முற்பணம் கட்டி மோட்டார் சைக்கிள் வாங்கின. அலுவலகத்துக்குத் தகப்பன், ரியூசனுக்கு மகன், கோயிலுக்குத் தாயும் பின்னாசனத்தில். அந்த மலர்ச்சி நீடிக்கவில்லை. 1983 யூலை இனக்கலவரத்திலே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழருடைய வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, வாசலிலே நின்ற வாகனங்களும் எரிந்தன. வீதியோரத்திலே ரயர் எரிந்து கம்பிமாத்திரம் மிஞ்சிய சில்லுகளைக் கண்டவர்கள், அதைப்பற்றி இன்றும் அதிகம் பேசுவதில்லை.

அதையடுத்து மூண்ட உள்நாட்டு யுத்தத்தின் காலம் வண்டியின் சரித்திரத்திலே மிக ஆழமான தடத்தைப் பதித்தது வடக்கிலே. 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் செல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் பெற்றோலும் ஒன்று. கிடைத்த சொற்பம் பொன்விலைக்கு விற்றது. அப்பொழுது அங்குள்ளோர் மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிளை ஓட்டிக் காட்டினார்கள். இதன் நுட்பம் எளியது போலத் தோன்றினும் எளியதன்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகையால் பொறி அதனைப் பற்றவைக்க இயலாது. ஆனால் எஞ்சின் ஒருமுறை சூடேறிவிட்டால், அந்தச் சூட்டிலே மண்ணெண்ணெயும் ஆவியாகி எரியும். எனவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மருந்துக் கடையிலே கிடைக்கும் சிறு போத்தலில் பெற்றோலை அடைத்து, சேலைன் ஏற்றும் மெல்லிய குழாயைச் செருகிக் கைப்பிடியருகே தொங்கவிட்டு, அதனைக் கண்ணுக்கு விடும் மருந்துபோல் ஒவ்வொரு துளியாக எண்ணி விட்டவர்களை அக்காலத்து யாழ்ப்பாணத்தார் அனைவரும் அறிவர். வெண்புகை கக்கிக்கொண்டு, வழக்கமான பலத்திலே பாதியும் இல்லாமல், ஆனால் நின்றுவிடாமல், அவ்வண்டிகள் நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் மரக்கறியைச் சந்தைக்கும் ஏற்றிச் சென்றன. பாதையும் அப்போது பாதையாயில்லை. தார் பெயர்ந்து, குண்டுக்குழி நிறைந்து, மழைக்காலத்திலே குளமாகக் கிடந்தது.

இப்பெருங் கஷ்டத்திலே ஜனங்களின் நம்பிக்கையைப் பெற்ற வண்டிகளுள் முதன்மையானதாக எம்.டி. 90ஐக் குறிப்பிட வேண்டும். ஜப்பானிலே தபாற்காரர் கடிதம் விநியோகிப்பதற்கென்று ஹொண்டாக் கம்பெனி அமைத்த வண்டி அது. 1958இல் பிறந்த சூப்பர் கப் வம்சத்தைச் சேர்ந்தது. மூட்டை கட்டுவதற்கு உறுதியான தாங்கி, மழையிலும் பனியிலும் நூறு வாசலில் நின்று நின்று புறப்படும் எஞ்சின், தாழ்ந்த ஆசனம், சிறிய சில்லு. தபாற்சேவையில் உழைத்து ஓய்ந்து, பழைய வண்டியாகக் கப்பலேறி இலங்கைக்கு வந்தபின், மூட்டை நெல்லும் இரண்டு ஆட்களுமாக வன்னியின் காட்டுப் பாதைகளிலே அது இரண்டாம் பிறவி எடுத்தது. சாகசம் என்ற சொல்லை விளம்பரத்திலே காண்கிறபோதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது பாலைவனத்துப் பந்தய வீரன் அல்லன். இடம்பெயர்ந்து செல்லும் குடும்பம் ஒன்றின் பாயையும் பானையையும் தையல் இயந்திரத்தையும் கயிற்றாலே கட்டிச் சுமந்து சென்ற எம்.டி. 90 தான்.

அதே காலத்தில் கொழும்பிலே வேறொரு ஆசை முளைத்தது. ஜப்பானிலிருந்து பழைய வண்டிகளாக வந்த ட்ரெயில் பைக்குகளுள், பெரிய இரட்டை முன்விளக்குகளை ஆந்தையின் கண்கள்போல் பொருத்திய ஹொண்டா எக்ஸ்.எல்.ஆர். 250 பஜா இளைஞரின் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. மெக்சிக்கோவின் பஜா தீபகற்பத்திலே இரவும் பகலுமாக ஓடும் பாலைவனப் பந்தயத்தின் பெயரை அது தாங்கியது; அந்த விளக்குகளும் அப்பந்தயத்தின் இரவுக்கென்று வந்தவையே. யமஹாவின் செரோவும் அக்கூட்டத்திலே சேர்ந்தது. ஆனால் தமிழ் இளைஞர் ஒருவர் உயர்ந்த ட்ரெயில் பைக்கிலே கொழும்பில் ஓடுவது அந்நாளிலே சாதாரண காரியமன்று. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், வண்டிப் புத்தகம், பொலிஸ் பதிவுத் துண்டு ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டு மேற்சட்டைப் பையிலே வைத்திருக்க வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குச் செல்லும் சிறு தூரத்திலே அந்த உறை மூன்று முறை வெளியே வந்ததும் உண்டு. உலகத்தைச் சுற்றி வரத்தக்க வண்டி, நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கே அச்சத்துடன் சென்றது.

2002ஆம் ஆண்டின் யுத்த நிறுத்தத்தோடு ஏ 9 வீதி திறந்தது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் அப்பாதையைப் பல வருஷம் வரைபடத்திலே மாத்திரம் கண்டிருந்த கொழும்பு இளைஞர் சிலர் மோட்டார் சைக்கிளிலேயே ஊர்போக ஆரம்பித்தனர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வவுனியாவரை தார். ஓமந்தைச் சாவடியைக் கடந்தபின், தார் ஒருகாலத்தில் இருந்தது என்பதற்குச் சாட்சியாகச் சில கருந்திட்டுகளும், மற்றபடி செம்புழுதியும். பாதையின் இரு ஓரங்களிலும் கண்ணிவெடி உண்டென்று மண்டையோட்டுச் சித்திரம் தீட்டிய சிவப்புப் பலகைகள். ஆகவே குழிக்கு விலகி ஓரமாக இறங்க இயலாது. நடுவிலேயே, குழிக்குள் இறங்கி ஏறிச் செல்லவேண்டும். முகமாலைவரை இதுவே கதி. நிலத்திலிருந்து உயர்ந்த எஞ்சின், நீண்ட தாங்கி, பெரிய முன்சில்லு என்பவை இளைஞரின் விநோதத்துக்கு உரியவையல்ல, ஊர்போய்ச் சேருவதற்கு உரியவை என்பதை வெள்ளவத்தைத் தாய்மாரும் ஒப்புக்கொண்ட காலம் அது. 2006 ஆகஸ்டிலே பாதை மறுபடி மூடிற்று. யுத்தம் முடிந்தபின் திறந்து, புதிதாகத் தாரிடப்பட்டு, இன்று கண்ணாடிபோல் கிடக்கிறது. அதன்மீது விரைந்து செல்வோரிலே, கிளிநொச்சியைக் கடக்கையில் தம்மையறியாமலே வேகத்தைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள்.

அண்மைக் காலத்தை அதிகம் விரிக்க வேண்டியதில்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் எரிபொருள் வரிசைகள் காலி வீதியின் ஓரமாக நீண்டு வளைந்தன. தேசிய எரிபொருள் அனுமதியின் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்ற நிலையிலே அத்திட்டம் தொடங்கியது. அந்த 4 லீற்றரிலே எவ்வளவு தூரம் போகலாமென்ற கணக்கை மனனமாக வைத்திருந்தவர்கள், இன்று புதுவண்டியின் சாமர்த்தியத்தை விசாரிக்குமுன் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்பதிலே வியப்பில்லை. 2025 பெப்ரவரியிலே தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறக்கப்பட்டதும், ஐந்து வருஷம் அடக்கி வைத்திருந்த ஆசைகள் யாவும் ஒருங்கே வாய்திறந்தன. வரியோ வண்டியின் விலையை எட்டாத உயரத்திலே தூக்கி நிறுத்திற்று.

சரி, இந்நாட்டுச் சவாரிக்காரர் புதிய வண்டியிலே வேண்டுவது யாது? ஆசனத்தின் உயரம் முதலாவது என்பேன். ஐரோப்பியரின் காலுக்கு அளந்து செய்த 870 மில்லிமீற்றர் ஆசனத்திலே நம்மவர் ஏறினால், ஒரு பாதத்தின் பெருவிரல் நுனிமாத்திரம் நிலத்தைத் தொடும். சமவீதியிலே அது போதும், சரிந்த மலைப்பாதையில் கால் எட்டாத பக்கமாக வண்டி சாய்ந்தால் போதாது. சென்னையிலே வளர்ந்த ரோயல் என்ஃபீல்ட் கம்பெனி 2016இல் வெளியிட்ட ஹிமாலயன் வண்டி, 411 சி.சி. எஞ்சினையும் 21 அங்குல முன்சில்லையும் 220 மில்லிமீற்றர் நில இடைவெளியையும் வைத்துக்கொண்டே ஆசனத்தை 800 மில்லிமீற்றரில் நிறுத்தியது. அதனுடைய பாரத்தைப்பற்றிக் குறைசொல்வோரும் அந்த ஒரு விஷயத்திலே அதன் நியாயத்தை ஒப்புக்கொள்வர். 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வண்டியோ சற்றே உயர்ந்த ஆசனத்துடன், ஆனால் மிக இலேசாக, குறைந்த விலையில் வந்தது. எஞ்சின் பெரிதாகப் பெரிதாக வரியும் ஏறும் நாட்டிலே, 200 சி.சி.யின் நியாயம் சிறியதன்று.

ரயரிலே ரியூப் வேண்டுமா வேண்டாமா என்பது இன்னொரு நெடிய வாதம். ரியூப் இல்லாத ரயர் ஆணி குத்தினால் மெல்லவே காற்றிழக்கும். வழியிலே செருகு திரியால் அடைத்துவிடலாம். ஆனால் கம்பிச் சில்லுக்கு ரியூப் பெரும்பாலும் வேண்டியிருக்கிறது. கல்லிலே மோதினால் வார்ப்புச் சில்லு வெடிக்கும், கம்பிச் சில்லு வளைந்துகொடுக்கும், வளைந்ததை எந்தக் கிராமத்துச் சைக்கிள் கடைக்காரரும் கம்பியை இறுக்கித் தளர்த்தி நேராக்கிவிடுவார். நக்கிள்ஸ் மலைக்குள் மீமுரே போன்ற கிராமத்துக்குப் போகிறவர் கம்பிச் சில்லையே விரும்புவதன் காரணம் இது. வெள்ளவத்தை உப்புக்காற்று அக்கம்பிகளைத் தின்னும் என்பதும் உண்மைதான். அதற்காகத்தானே சனிக்கிழமையும் எண்ணெய்த் துணியும் இருக்கின்றன. எஞ்சினை உதைத்து எழுப்பும் கிக்கர் புதிய வண்டிகளிலே மறைந்துவருவது பலருக்கு மனக்குறை. பற்றரி இறந்துபோன இடம் காடாக இருந்தால் ஊர்போய்ச் சேர வேண்டுமே என்ற கவலை, மண்ணெண்ணெயிலே வண்டி ஓட்டிய ஒரு சமூகத்துக்கு எளிதிலே நீங்காது.

எங்கள் ஒழுங்கை இளைஞர் புது வண்டியின் விலையைக் கேட்டு வந்த மறுநாள், கொட்டாஞ்சேனையிலே விற்பனைக்கு வந்த பழைய பஜா ஒன்றைப் பார்ப்பதற்கு என்னையும் அழைத்துச் சென்றார். ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் குறுகிய சந்து ஒன்றிலே, தகரக் கூரையின் கீழ், கிறீஸ் படிந்த சுவரிலே சாந்த அந்தோனியார் படமும் அதன் பக்கத்திலே முருகன் கலண்டரும் தொங்கும் சிறிய கராஜ். பாஸ் முதியவர். வண்டியை எழுப்பி, நீண்ட திருப்புளியின் இரும்பு நுனியை எஞ்சினிலும் மரப்பிடியைக் காதிலும் வைத்துச் சிறிது நேரம் கண்ணை மூடிக் கேட்டார். செயினை விரலால் தூக்கிப் பார்த்தார். பின்சில்லைச் சுழற்றி ஒரு குறடை அதன் அருகே பிடித்து ஓட்டம் நேராயிருக்கிறதா என்று கவனித்தார். சில்லுக் கம்பிகளைத் தட்டி, ஒவ்வொன்றின் ஓசையையும் கேட்டு, இரண்டு கம்பி தளர்ந்திருப்பதாகச் சொன்னார்.

பின்பு எஞ்சினை நிறுத்தி, பெற்றோல் வழியை மூடி, நிலத்திலே இரண்டு கோணிச்சாக்கை விரித்து, ஏறத்தாழ 130 கிலோ எடையுள்ள அவ்வண்டியைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்.

"தூக்குங்க தம்பி" என்றார்.

இளைஞர் குனிந்து கைப்பிடியைப் பற்றி இழுத்தார். வண்டி சாக்கோடு நழுவியது. பாஸ் ஒன்றும் சொல்லாமல், முன்சில்லைத் திருப்பி, கியரிலே போட்டு, முதுகை வண்டிக்குக் கொடுத்துக் காலால் நிமிரும்படி சைகை காட்டினார். இரண்டாம் முறை பாதி எழுந்து மறுபடி அமர்ந்தது. மூன்றாம் முறை, கழுத்து நரம்பு புடைக்க அவர் பின்னோக்கி நடந்து நிமிர்ந்தபோது, அந்த இரண்டு பெரிய விளக்குகளும் மெல்ல உயர்ந்து சந்தின் வெளிச்சத்தை நோக்கின. பாஸ் சாக்குகளை உதறி மடித்துவிட்டு, தளர்ந்த கம்பிகள் இரண்டையும் இறுக்குவதற்குச் சாவியைத் தேடப் போனார்.